குண்டு போடாத விமானம்

யுத்தத்தில் ஆகாய விமானங்களின் பராக்கிரமத்தைப் பற்றிப் பேசும்போது, குண்டு போட்டவரையே நாம் புகழ்கிறோம். எங்கே போட வேண்டும் என்று சொன்னவர் யார் என்று கேட்பதில்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 720 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் விமானம் ஒரு வினாடியில் 200 மீட்டரைக் கடந்துவிடும். அதற்குள், கீழே தெரியும் புள்ளி நண்பனா பகைவனா என்று விமானி எங்ஙனம் நிர்ணயிப்பார்? இரு படைகளும் நெருங்கி நிற்கும்போது, ஒரு வினாடி தவறினாலும் குண்டு நம்மவர் தலையிலேயே விழக்கூடும். ஆகவேதான் போர்முனையில் வழிகாட்டி அதிகாரி ஒருவரை நியமிக்கிறார்கள். அவர் தரையிலிருந்தோ, மெதுவாகப் பறக்கும் சிறு விமானத்திலிருந்தோ களத்தை உற்று நோக்குவார். நம்மவர் இருப்பது எங்கே, எதிரி இருப்பது எங்கே, எத்திசையிலிருந்து பாய வேண்டும் என்பவற்றை ரேடியோ மூலம் விமானிக்கு அறிவிப்பார். சந்தேகம் தோன்றினால் தாக்குதலை நிறுத்தச் சொல்வதும் அவர் கடமையே.

1971-ஆம் வருஷம் டிசம்பர் 4-ஆம் தேதி இரவு, ராஜஸ்தான் பாலைவனத்திலுள்ள லோங்கேவாலா என்னும் எல்லைக்காவல் நிலையை நோக்கிப் பாகிஸ்தானின் டாங்கிப் படை வந்தது. அங்கே மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் தலைமையில் சுமார் 120 வீரர்களே இருந்தனர். ஜெய்ஸல்மேரிலிருந்த ஹண்டர் விமானங்களுக்கோ இருளில் போர் புரியும் சாதனம் இல்லை. பொழுது புலரும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

5-ஆம் தேதி காலையில் ஹண்டர்கள் வந்து டாங்கிகள் மீது பாய்ந்தன. களத்தின் மேல் பறந்து அவற்றிற்கு இலக்குக் காட்டியவர் மேஜர் ஆத்மா சிங். அவர் ஓட்டியது 'கிருஷக்' என்னும் சிறு விமானம். நம் நாட்டிலேயே செய்யப்பட்டது. கிருஷக் என்றால் உழவன் என்று பொருள். ஹண்டரின் வேகம் அதற்கு இல்லை. மெதுவாகப் பறந்ததே அதன் பலம். மணல்வெளியில் மறைய இடமின்றி டாங்கிகள் பல அழிந்தன, படையெடுப்பு முறிந்தது.

இந்த வெற்றி தரைப்படையுடையதா, விமானப்படையுடையதா என்று பல வருஷங்களுக்குப் பின்னரும் விவாதம் நடந்தது. நாம் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். ஆத்மா சிங் தரைப்படை அதிகாரி. அவர் காட்டிய இடத்தில் பாய்ந்தவை விமானப்படையின் விமானங்கள். தரையில் நின்றவருக்கும் வானில் பறந்தவருக்கும் நடுவே நம்பிக்கையான ஒரு குரல் இருந்தது. பங்கு பிரிக்கும்போது அந்தக் குரலை மறந்துவிடலாகாது.