நம்பர் இல்லாத துப்பாக்கி: வச்சிருந்தா 5 வருஷம்... செஞ்சு குடுத்தா ஆயுள்!

திருப்பூர்:

"அண்ணா, இந்த அளவுக்கு ஒரு பைப்பு கடைஞ்சு குடுங்க. தோட்டத்துல பன்னி தொல்லை தாங்கலீங்க..."

கையில் கோடு போட்ட பேப்பரோடு ஒருத்தர் லேத் பட்டறை வாசலில் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்ட கூலிக்கு மேலே 200 ரூபாய் சேர்த்தே தருகிறார். நிட்டிங் மெஷினுக்கு ஷாப்ட்டும், விசைத்தறிக்கு உதிரி பாகமும் கடைந்து பழகின கைக்கு இது அரை மணி நேர வேலை. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

அது துப்பாக்கிக்குத்தான் என்று தெரிந்தே அந்த அரை மணி நேர வேலையை செய்து கொடுத்தால், சட்டத்தில் எழுதியிருக்கும் தண்டனை குறைந்தது 7 ஆண்டு. அதிகபட்சம் ஆயுள். அந்த துப்பாக்கியை கொண்டு போய் வீட்டு பரணில் வைத்திருப்பவருக்கு 2 முதல் 5 ஆண்டு. அதாவது வாங்கினவரை விட செய்து கொடுத்தவருக்குத்தான் அடி பலம். பட்டறையில் நிற்பவர்கள் பலருக்கு இது தெரியாது.

சேலத்தில் சிக்கிய 2 பேர்

இதெல்லாம் சினிமாவில் நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2022-ம் ஆண்டு மே மாதம் சேலம் மாவட்டம் ஓமலூர் அருகே போலீசார் வாகன சோதனை செய்துகொண்டிருந்தனர். பைக்கில் வந்த 2 வாலிபர்களை நிறுத்தி பையை திறந்து பார்த்தால் உள்ளே கைத்துப்பாக்கி. விசாரித்தபோதுதான் குட்டு உடைந்தது. வாடகைக்கு ஒரு வீடு பிடித்து, யூ டியூப் வீடியோ பார்த்து அவர்களே துப்பாக்கி செய்ய கற்றுக்கொண்டார்கள் என்பது போலீஸ் சொன்ன தகவல். பிறகு வழக்கு தேசிய புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ.வுக்கு போனது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கள்ளத்துப்பாக்கி என்றாலே பீகார், முங்கேர், வடக்கே இருந்து ரெயிலில் வந்தது என்று பேசுவது இங்கே வழக்கமாகிவிட்டது. முங்கேரில் துப்பாக்கி தொழில் பல தலைமுறையாக இருப்பது உண்மைதான். அதற்காக பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் வடமாநில தொழிலாளி பையை தூக்கினாலே சந்தேகப்படுவது சரியில்லை. சேலத்தில் சிக்கியவர்கள் நம்மூர் பசங்கதான்.

நம்பர் எதற்கு?

லைசென்ஸ் துப்பாக்கி ஒவ்வொன்றிலும் தயாரித்த கம்பெனி பெயரும், வரிசை நம்பரும் இரும்பில் அடித்திருக்கும். கான்பூர் அரசு ஆலையில் செய்த ரிவால்வர் என்றாலும் சரி, வெளிநாட்டு சரக்கு என்றாலும் சரி. அந்த நம்பரை வைத்து ஆலை, அங்கிருந்து கடை, கடையில் வாங்கியவர் என்று ரிஜிஸ்டரில் ஒவ்வொரு படியாக போலீசார் பின்னாலேயே போகலாம். வண்டிக்கு சேசிஸ் நம்பர் மாதிரி. லைசென்ஸ்காரர் விவரம் தேசிய அளவில் கம்ப்யூட்டரிலும் ஏறி, அவருக்கென்று தனி அடையாள எண்ணும் உண்டு.

பட்டறையில் பிறந்த துப்பாக்கிக்கு இந்த ஜாதகமே கிடையாது. சுட்டுவிட்டு வாய்க்காலில் வீசிவிட்டு போனால், யார் செய்தது, யார் வாங்கியது என்று பிடிக்க நூல் கிடைக்காது. பெரும்பாலான நாட்டுத்துப்பாக்கி குழலின் உட்புறத்தில் ரைபிளில் இருப்பது போன்ற சுருள் வரியும் இருக்காது. அதனால் தோட்டாவில் பதியும் கீறலை வைத்து இந்த துப்பாக்கிதான் என்று தடயவியல் நிபுணர்கள் சொல்வதும் கஷ்டம்.

அதனால்தான் 1959-ம் ஆண்டு ஆயுத சட்டத்தின் 8-வது பிரிவு கறாராக இருக்கிறது. துப்பாக்கியில் உள்ள பெயரையோ நம்பரையோ அழிக்கக்கூடாது, மாற்றக்கூடாது. நம்பர் இல்லாத துப்பாக்கியை விற்கவும் கூடாது, கை மாற்றவும் கூடாது. அதோடு விடவில்லை. நம்பர் அழிந்த துப்பாக்கி ஒருத்தர் கையில் இருந்தால், அவரே அழித்தார் என்றுதான் கோர்ட்டு முதலில் எடுத்துக்கொள்ளும். "நான் அழிக்கலீங்க, வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு" என்றால் அதை அவர்தான் நிரூபிக்கணும். மற்ற வழக்குகளில் போலீஸ் நிரூபிக்க வேண்டியது, இங்கே தலைகீழ்.

2019-ல் ஏறிய தண்டனை

2019 டிசம்பரில் மத்திய அரசு இந்த சட்டத்தை திருத்தியது. அதற்கு முன்பு லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி தயாரித்தால், விற்றால் 3 முதல் 7 ஆண்டு. இப்போது 7-ல் தொடங்கி ஆயுள் வரை. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது முன்பு 1 முதல் 3 ஆண்டு. இப்போது 2 முதல் 5. லைசென்ஸ் உள்ளவரும் முன்பு 3 துப்பாக்கி வைத்திருந்தார், இப்போது 2-க்கு மேல் கூடாது. வடக்கே கல்யாண ஊர்வலத்தில் வானத்தை பார்த்து சுடுவார்களே, அதற்கும் 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று எழுதிவிட்டார்கள்.

புதிதாக ஆயுத கடத்தல் என்று ஒரு குற்றத்தையும் சேர்த்தனர். சட்டப்படி அடையாளம் பதிக்காத துப்பாக்கியை வாங்குவது, விற்பது, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு கொண்டு போவது எல்லாமே இதற்குள் வரும். தண்டனை 10 ஆண்டு முதல் ஆயுள். வேன் ஓட்டுகிறவரும், லாரி கிளீனரும் இதை காதில் போட்டுக்கொள்வது நல்லது.

"பார்சல்ல என்ன இருக்குன்னே தெரியாதுங்க" என்று ஒருத்தர் சொன்னால்? அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. 1972-ல் குன்வந்த்லால் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு விளக்கம் கொடுத்தது. துப்பாக்கி தன்னிடம் இருப்பது அவருக்கு தெரிந்திருக்க வேண்டும், தெரியாமல் இருந்தால் அது 'வைத்திருந்த' குற்றம் ஆகாது. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. துப்பாக்கி கையிலேயே இருக்கணும் என்று அவசியமில்லை. மச்சான் வீட்டு பரணில் வைத்துவிட்டு, சாவியும் அதிகாரமும் இவரிடம் இருந்தால் இவர் வைத்திருந்த மாதிரிதான். "என் வீட்டுல இல்லீங்களே" என்பது எடுபடாது.

பிளாஸ்டிக்கில் துப்பாக்கி

அமெரிக்காவில் இந்த விவகாரம் வேறு ரூட்டில் போகிறது. அங்கே நம்பர் இல்லாத துப்பாக்கிக்கு 'கோஸ்ட் கன்' என்று பெயர், அதாவது பேய் துப்பாக்கி. பாகங்களை கிட்டாக வாங்கி வீட்டிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். 2013-ல் டெக்சாசில் ஒரு குழு, 3டி பிரிண்டரில் பிளாஸ்டிக்கிலேயே துப்பாக்கி செய்யும் டிசைனை இணையத்தில் போட்டது. அரசு எடுக்கச் சொல்வதற்குள் 2 நாளில் 1 லட்சம் தடவைக்கு மேல் டவுன்லோடு ஆகிவிட்டது.

பிளாஸ்டிக் என்றால் ஏர்போர்ட் மெட்டல் டிடெக்டரில் சத்தம் வராதே என்ற பயம் அங்கே அதற்கு முன்பே இருந்தது. அதனால் 1988-லேயே ஒரு சட்டம் போட்டார்கள். சுமார் 105 கிராம் இரும்புக்கு சமமாக டிடெக்டரில் காட்டாத துப்பாக்கியை செய்யவே கூடாது. நம்பர் விஷயத்தில் மாநிலங்கள் தனித்தனியாக சட்டம் போட்டன. கலிபோர்னியா 2016-ல், நியூஜெர்சி 2018-ல், நியூயார்க் 2021-ல். கிட்டுக்கும் நம்பர் வேண்டும் என்ற மத்திய அரசு விதியை 2025 மார்ச்சில் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டும் ஏற்றுக்கொண்டது.

துப்பாக்கியே அபூர்வமான ஜப்பானில் 2022 ஜூலை 8-ந் தேதி முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே பிரசார கூட்டத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். கொலையாளி கையில் இருந்தது 2 பைப்பை டேப் சுற்றி கட்டிய, வீட்டில் செய்த துப்பாக்கி. கடை கிடையாது, லைசென்ஸ் கிடையாது, நம்பர் கிடையாது.

தமிழ்நாடு தனியாக இப்படி சட்டம் போடலாமா என்றால், முடியாது. ஆயுதம், வெடிமருந்து எல்லாம் அரசியல் சாசனத்தில் மத்திய பட்டியலில் இருக்கிறது. டெல்லி போடுகிற சட்டம்தான் சென்னைக்கும் சேலத்துக்கும். பிடிப்பதும் வழக்கு போடுவதும் மாநில போலீஸ்.

அப்படியானால் பிளாஸ்டிக் துப்பாக்கிக்கு இந்தியாவில் ஓட்டை இருக்கிறதா? இல்லை. வெடிமருந்தாலோ வேறு சக்தியாலோ குண்டை தள்ளும் எந்த ஆயுதமும் துப்பாக்கிதான் என்கிறது சட்டம். இரும்பா, பிளாஸ்டிக்கா என்று அது கேட்பதில்லை. துப்பாக்கியின் பாகமும், துப்பாக்கி தயாரிக்கும் இயந்திரமும் கூட அந்த வார்த்தைக்குள் அடங்கும். முழுசாக மாட்டாத குழாய் ஒன்று மட்டும் சிக்கினாலும் கேஸ் நிற்கும் என்பதற்கு காரணம் இதுதான்.

தோட்டத்து சாளையும் காட்டுப்பன்றியும்

சரி, கொங்கு பகுதியில் இதற்கெல்லாம் யார் ஆசைப்படப் போகிறார்கள்? ஆசை அல்ல, பயம்தான். 2024 நவம்பரில் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் 3 பேர் வெட்டிக்கொல்லப்பட்டனர். அடுத்த சில மாதத்தில், 2025-ல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே வயதான தம்பதியும் அதே போல தோட்டத்து வீட்டில். கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் பக்கத்து வீடு. பிள்ளைகள் டவுனில். ராத்திரி நாய் குரைத்தால் வயசானவர்கள் தூங்குவதில்லை. "ஒரு துப்பாக்கி இருந்தா பரவாயில்லீங்க" என்ற பேச்சு வருவதில் ஆச்சரியம் இல்லை.

வேண்டுமென்றால் நேர் வழி இருக்கிறது. மாவட்டத்தில் கலெக்டரிடம் லைசென்சுக்கு விண்ணப்பிக்கலாம். போலீஸ் அறிக்கை வேண்டும், துப்பாக்கி கையாள பயிற்சி வேண்டும். லேசில் கிடைக்காது, இழுத்தடிக்கும், அதுவும் உண்மைதான். கிடைத்தாலும் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கணும், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கணும்.

உடுமலை, அமராவதி பக்கம் வேறு கதை. மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றி கூட்டம் இறங்கினால் ஒரே ராத்திரியில் தோட்டம் காலி. அதற்காக நாட்டுத்துப்பாக்கி தூக்கினால் ஆயுத சட்டத்தோடு வன உயிரின பாதுகாப்பு சட்டமும் பாயும். 2025 ஜனவரியில் தமிழக அரசு கொண்டு வந்த நடைமுறைப்படி, காப்புக்காட்டில் இருந்து 3 கிலோ மீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை சுடலாம். ஆனால் சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள், விவசாயி அல்ல. 1 முதல் 3 கிலோ மீட்டருக்குள் என்றால் கூண்டு வைத்து பிடிப்பார்கள். 1 கிலோ மீட்டருக்குள் சுடுவதும் பிடிப்பதும் இல்லை.

குருவி சுடுகிற ஏர் கன்னுக்கும் எல்லை உண்டு. 2016 ஆயுத விதிகள்படி குழல் அளவு 0.177 அங்குலத்தை தாண்டினாலோ, குண்டு வெளிவரும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போனாலோ லைசென்ஸ் வேண்டும். ஆன்லைனில் ஆர்டர் போடும் பசங்களுக்கு இதை வீட்டில் யாராவது சொல்லணும்.

போலீசுக்கு முன்பு நாட்டுத்துப்பாக்கியிடம்தான் அதன் சொந்தக்காரர் பயப்பட வேண்டும். சரியான இரும்பு இல்லை, அளவு இல்லை. மருந்து கொஞ்சம் கூடினால் குழல் பின்பக்கமாக வெடித்து, சுட்டவர் கையும் கண்ணும்தான் போகும்.

தாத்தா காலத்து துப்பாக்கி வீட்டில் கிடக்குதே என்பவர்களுக்கு: மலை கிராமங்கள் உள்ள மாவட்டங்களில், தானாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று போலீஸ் அவ்வப்போது அறிவிப்பது உண்டு. ஊர் பெரியவர்கள் முன்னின்று மொத்தமாக ஒப்படைத்ததும் உண்டு. அறிவிப்பு இல்லாத நேரத்தில், ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொண்டு அவரோடு ஸ்டேஷனுக்கு போவது பாதுகாப்பு. ராத்திரியோடு ராத்திரியாக கிணற்றில் போட்டுவிடலாம் என்று துப்பாக்கியை சாக்கில் கட்டி பைக்கில் எடுத்துக்கொண்டு கிளம்பினால், வழியில் வாகன சோதனை இருக்கும்.

பட்டறைக்காரர்களுக்கு: அளவு எழுதிய பேப்பரோடு வருபவரிடம் எந்த மெஷினுக்கு, எந்த பாகத்துக்கு என்று கேட்பதில் தப்பே இல்லை. பழைய உதிரி பாகத்தை சாம்பிளுக்கு கொண்டு வரச் சொல்லலாம். நிஜமாகவே தறிக்கோ பம்ப்புக்கோ வேண்டியவர் கொண்டு வருவார். பதில் சொல்லாமல் மழுப்பினால் வேலையை எடுக்காமல் அனுப்பிவிட்டு, 112-க்கு ஒரு போன் அடிக்கலாம்.