பங்குனியில் வைகை அணை மீன்: கொள்முதலுக்கு முன் பார்க்க வேண்டிய கணக்கு

நம் தேனி, கம்பம் வட்டார வணிகர்கள் காலையில் கடை திறந்ததும் ஏலக்காய் விலையைப் பார்ப்பார்கள். அடுத்தபடியாக அணை நீர்மட்டத்தைப் பார்ப்பார்கள். நீர்மட்டம் விவசாயிக்குத்தானே என்று மீன் வியாபாரிகளும் ஓட்டல்காரர்களும் அதைத் தள்ளிவிடக் கூடாது. மாசி, பங்குனியில் அவர்களுடைய சரக்கும் விலையும் அந்த எண்ணில்தான் அடங்கியிருக்கின்றன.

1959இல் திறக்கப்பட்ட வைகை அணையின் முழுக் கொள்ளளவு 71 அடி. லோயர் கேம்ப்பில் இறங்கும் பெரியாற்றுத் தண்ணீர் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியாக வந்து இதில்தான் சேருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அணை நிரம்பி நிற்கும்போது தண்ணீர் பரந்து கிடக்கும். மீனும் பரந்து போகும். பத்து வலை போட்ட இடத்தில் இருபது வலை போட்டாலும் கிடைப்பது குறைவு. பங்குனிக்குள் பள்ளத்தாக்கில் இரண்டாம் போகம் முடியும் நிலைக்கு வர, பெரியாற்று வரத்தும் பெரும்பாலான ஆண்டுகளில் குடிநீர் அளவுக்குச் சுருங்கிவிடும். அணை இறங்க இறங்க மீன் ஒடுங்கி வந்து வலையில் விழும். ஆகவே நீர்மட்டம் தொடர்ந்து இறங்கினால் வரத்து கூடும், கரை விலை இறங்கும் என்று கணக்கிடலாம். திடீரென்று கோடை மழை பெய்து புதுத்தண்ணீர் வந்தால் நாலு நாளைக்கு இந்தக் கணக்கு செல்லாது.

இந்த மாதங்களில் தண்ணீர் தெளிந்துவிடுவதால் பகலில் வலை மீனின் கண்ணுக்குத் தெரியும். அதனால் மாலையில் வலை விட்டு விடியுமுன் எடுப்பார்கள். நல்ல மீன் வேண்டுமென்றால் விடியலில் கரையில் நிற்க வேண்டும். ஒன்பது மணிக்குப் போய் "செவுள் வெளுத்திருக்கிறதே" என்று சண்டை போட்டுப் பயனில்லை.

போடிமெட்டு ஏறி மூணாறு போய் வரும் நண்பர்கள், ராஜமலை ட்ரவுட் மீனை இங்கேயும் வளர்க்க முடியாதா என்று கேட்பதுண்டு. முடியாது. அது குளிர்ந்த ஓடைத் தண்ணீர் மீன். தண்ணீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். பங்குனி வெயிலில் நம் அணைத் தண்ணீரை அது தாங்காது. நமக்குக் கட்லா, ரோகு, மிருகால், ஜிலேபிதான். இவற்றில் ஜிலேபி தானாகவே பெருகிவிடும். மற்ற மூன்றும் ஓடும் தண்ணீரில் முட்டையிடும் இனம். தேங்கிய தண்ணீரில் அனேகமாக இனம் பெருகாது. குஞ்சு கொண்டு வந்து விட்டால்தான் உண்டு. அரைக் கிலோ கட்லாவை மலிவாகக் கிடைக்கிறதென்று கூடை கூடையாக எடுப்பவர், அடுத்த ஆண்டு இரண்டு, மூன்று கிலோவாக வரவேண்டிய சரக்கை இன்றே விற்றுவிடுகிறார். வாங்க ஆள் இருக்கும்வரை சிறுகண் வலையும் இருக்கும். இந்த விஷயத்தில் மீனவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்பது நம் கருத்து.

ஐஸ் செலவில் சிக்கனம் பார்ப்பது இன்னொரு தவறு. கோடையில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். ஒரு பங்குனியில் நாமே பாதி ஐஸ் போட்டு, மதியத்துக்குள் கம்பம் சேர்த்துவிடலாம் என்று நம்பிப் பெட்டி ஏற்றினோம். வழியில் வண்டி நின்றுவிட்டது. ஐஸில் மிச்சம் பிடித்த பணத்தைப்போலப் பல மடங்கு அன்று குப்பைக்குப் போயிற்று.

விற்பனைக்கும் நாள் பார்க்க வேண்டும். பங்குனி உத்திரத்தை ஒட்டி விரதம் இருப்பவர்கள் அதிகம். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாக் காலத்திலும் நம் பகுதியில் பல வீடுகளில் கவிச்சி கிடையாது. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. 2017க்கு முன் இது 45 நாட்களாக இருந்தது. கடல்மீன் வரத்து குறையும் அந்த நாட்களில் அணை மீனுக்குக் கிராக்கி ஏறும். ஆகவே பங்குனியிலேயே கரையில் பேசி, வாரத்துக்கு இத்தனை கிலோ என்று ஒப்புக்கொண்டு முன்பணம் கொடுத்து வைப்பது நல்லது. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்காக அணையில் தண்ணீர் திறக்கும்போது மட்டம் மேலும் இறங்கும் என்பதையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். கேரளச் சரக்கை நம்பியிருப்பவர்கள், அங்கே ஜூன் 9இல் தொடங்கும் டிராலர் தடை ஜூலை 31 வரை நீடிப்பதையும் குறித்து வைத்துக்கொள்ளவும்.