பூச்செடிகளை அறிவோம் – 9: பட்டை தந்த ஆவாரை

மழை ஓய்ந்த கையோடு ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு பக்கம் போனால், கல்லும் கரம்புமான ஓரங்களில் இடுப்புயரப் புதர்கள் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும். ஆவாரை. ஊருக்குள் கம்பெனி வாசல்களில் அழகுக்கென்று வைக்கிற டெகோமாவும் அலமாண்டாவும் மஞ்சள்தான். இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். இந்த வட்டாரத்துத் தோல் தொழிலைத் தூக்கி நிறுத்திய செடி வேலிக்கு வெளியே நிற்பது எனக்கு ஆற்றவில்லை.

ஆவாரம்பட்டையில் டானின் நிறைய உண்டு. குரோமியம் வருவதற்கு முன், சுண்ணாம்பில் ஊறி மயிர் நீங்கிய தோலைப் பட்டைச்சாறுத் தொட்டிகளில் வாரக்கணக்கில் ஊறப்போடுவார்கள். அப்படிப் பதமான தோல் வெயில் பட்டால் சிவந்துவிடும். அதைத் தடுக்கத்தான் கடைசியாகக் கடுக்காய்ச் சாற்றில் ஒரு முக்கு. சென்னை மாகாணத்திலிருந்து பாதிப் பதத்தில் கப்பலேறிய இந்தத் தோலுக்கு லண்டன் சந்தையில் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்று பெயர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸின் மேல்தோல் பெருமளவு இதுதான். பிறகு தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை வந்தது, அதன் பின் குரோம். ஆவாரையைத் தேடி வெட்டுவாரில்லாமல் போயிற்று. பட்டைக் காலத்தில் எல்லாம் சுத்தமாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் தொட்டிகளிலிருந்தும் கழிவுநீர் வெளியேறியது. ஆனால் தோல் கழிவால் கெட்டு, 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன பாலாற்றின் துயரத்தைப் பேசும் ஊர், தன் பழைய செடியை அடையாளமாவது காண வேண்டும்.

அடையாளத்துக்குப் பூவை நம்பாதீர்கள். மஞ்சள் பூக்கும் உறவினம் இதற்கு ஏராளம். இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே காது மடல் போல அகன்ற சிறு இலையொன்று தண்டை ஒட்டி நிற்கும், உதிராது. எட்டு முதல் பன்னிரண்டு ஜோடிச் சிற்றிலைகள், நுனி மழுங்கியவை. ஜோடிக்கு ஜோடி நடுவே ஊசி போல் நிமிர்ந்த சுரப்பி. காய் காகிதம் போல் தட்டையாக இருக்கும், விதை இருக்குமிடம் வெளியே தெரியும்.

பேயாவரையோடு இதைக் குழப்பினால் ஆபத்து. அதற்குக் காது மடல் இல்லை. சிற்றிலைகள் பெரியவை, நுனி கூர்மை, நான்கைந்து ஜோடிதான், கசக்கினால் நாறும். சுரப்பி காம்பின் அடியில் ஒன்றே ஒன்று. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் ஆண்டுதோறும் குழந்தைகளைக் கொன்ற மர்மக் காய்ச்சல் என்று பேசப்பட்டது, பேயாவரைக் காயைத் தின்றதால் வந்த நஞ்சாகவே இருக்கும் என்று 2007இல் வெளியான ஆய்வு சொன்னது. அதை எழுதியவர்களில் ஒருவர் வேலூர் சி.எம்.சி.யில் பேராசிரியராக இருந்த டி. ஜேக்கப் ஜான். செடி தெரியாமல் பறித்துக் கஷாயம் வைக்கிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

ஆவாரம்பூவில் தேன் கிடையாது; மகரந்தம் மட்டுமே. அதுவும் மகரந்தப்பையின் நுனித் துளை வழியாகத்தான் வெளியே வரும். கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைத்து உதிர்த்துக்கொள்ளும். காலையில் செடியருகே நின்றால் அந்த ரீங்காரம் தனியாகவே கேட்கும்.

வளர்ப்பது எளிது. காய்ந்து சலசலக்கும் காயிலிருந்து விதை எடுங்கள். தோல் கெட்டியானது, கொதி இறக்கிய வெந்நீரில் போட்டு ஓர் இரவு விட்டால்தான் சீக்கிரம் முளைக்கும். ஆணிவேர் ஆழமாகப் போகிற செடி என்பதால் பிடுங்கி நடுவதை விட நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுவது நல்லது. மூன்றடி இடைவெளி, முழு வெயில், தண்ணீர் தேங்காத நிலம் போதும், உரம் வேண்டாம். முதல் கோடையில் மட்டும் தண்ணீர் காட்டுங்கள். பூ கிளை நுனியில் வருவதால், காய் முற்றியதும் கவாத்து செய்தால் புதுக்கிளை கூடும், பூவும் கூடும். வெட்ட வெட்டத் தழைத்ததால்தான் இது பட்டைக்காரர்களுக்கு ஈடுகொடுத்தது. இலையில் பச்சைப் புழு கண்டால் மருந்தடிக்க வேண்டாம், அது பெரும்பாலும் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு. தின்றது போக மிச்சத்தைச் செடி தானே ஈடுகட்டிவிடும்.

இதே இனத்தில் மெழுகுவத்தி போல் நிமிர்ந்து பூக்கும் சீமை அகத்தி அடுத்த வாரம்.