தோட்டப் பாடசாலைகளின் தோற்றமும் மிஷன்களின் பங்கும்

விக்டோரியா மகாராணியின் காலத்தில் (1837 – 1901) யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் கிறிஸ்தவ மிஷன்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடசாலைகளை நடத்தின. யாழ்ப்பாணத்தில் அவை கல்லூரிகளாக வளர்ந்தன. மஸ்கெலியா போன்ற தோட்டப் பகுதிகளில் ஓரறைப் பள்ளிகளாகவே நின்றுவிட்டன. இதற்குக் காரணம் "தோட்ட மக்களுக்குக் கல்வியில் ஆர்வமின்மை" எனச் சிலர் எழுதுவர். அது பிழையான விடையாகும்.

1. யாழ்ப்பாணம்

இங்கிலாந்தின் அரச திருச்சபையைச் சாராத வெஸ்லியன் மெதடிஸ்த மிஷனரிமார் 1814 இல் இலங்கைக்கு வந்தனர். அமெரிக்க மிஷன் 1823 இல் வட்டுக்கோட்டை செமினறியையும் 1824 இல் உடுவில் மகளிர் பாடசாலையையும் ஆரம்பித்தது. 1841 இன் பின்னர் அரசாங்க நன்கொடையும் மிஷன் பாடசாலைகளுக்குக் கிடைத்தது. ஆங்கிலம் கற்றோர் அரச உத்தியோகம் பெற்றனர். மெதடிஸ்த பாடசாலையில் கற்று அங்கேயே கற்பித்த ஆறுமுக நாவலர், 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கினார். சொந்தக் காணியில் வாழ்ந்த ஊரவரால் இவ்வாறு போட்டியிட முடிந்தது.

2. மலையகம்

1854 இல் கோப்பித் தோட்ட உரிமையாளர்களின் ஆதரவுடன் "தமிழ்க் கூலி மிஷன்" உருவானது. இதனை அங்கிலிக்கன் சபையைச் சார்ந்த சங்கம் நடத்தியது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் இதில் பணியாற்றினர். பின்னர் தேயிலை பரவியது. கோப்பியைப் போலன்றித் தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் தேவைப்பட்டதால் குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. பிள்ளைகளின் தொகையும் கூடியது. எனினும் பாடசாலைகள் வளராமைக்குரிய காரணங்கள் வருமாறு:

அ. காணியும் கட்டடமும் தோட்டத்துக்குரியவை. துரையின் அனுமதியின்றிப் பாடசாலை நடவாது.
ஆ. பிள்ளைகளும் கொழுந்து பறித்தனர். அவர்களது கூலி குடும்பத்துக்குத் தேவைப்பட்டது.
இ. எழுத்தும் கணக்கும் கற்றபின் மேற்படிப்புக்கு வழியில்லை.

3. பிற்கால மாற்றங்கள்

1907 ஆம், 1920 ஆம் ஆண்டுகளின் கட்டளைச் சட்டங்கள் தோட்டப் பிள்ளைகளின் ஆரம்பக் கல்விப் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்திடம் ஒப்படைத்தன. அவை 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளையே கருத்திற் கொண்டன. 1945 இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் தனியாகவே இருந்தன. 1970களிலேயே அவை அரசின் பொறுப்புக்கு வரத் தொடங்கின.

விடை எழுதும்போது: ஆண்டுகளை மட்டும் வரிசைப்படுத்தாதீர்கள். காணி யாருக்குரியது, பிள்ளையின் நேரம் யாருக்குரியது என்னும் இரண்டையும் ஒப்பிட்டு எழுதுங்கள். உங்கள் பாட்டி பள்ளிக்கூடம் போனாரா, எத்தனையாம் வகுப்போடு நின்றார், ஏன் நின்றார் என வீட்டில் கேட்டுப் பாருங்கள். மேற்கூறிய காரணங்களில் ஒன்று அங்கேயும் தென்படலாம்.