கட்டவிழ்ந்த நாய்க்கு ஒரு வேலியிட்ட வெளி

நாய் மனிதனுக்கு மிகப் பழைய தோழன். ஆடும் மாடும் குதிரையும் மனிதனை அடுத்து வாழத் தொடங்குமுன்னரே நாய் அவனது நெருப்பருகே வந்து படுத்துக்கொண்டது என்பர் ஆராய்ச்சியாளர். நம் முன்னோரும் அதன் நன்றியறிதலை நன்குணர்ந்திருந்தனர். வைரவப் பெருமானுக்கு நாயை வாகனமாக்கினர். தம்மைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புகத் தருமபுத்திரர் மறுத்தார் என்று பாரதம் கூறும். நட்புக்கு உவமை தேடிய நாலடியாரும் யானையை விடுத்து நாயையே தெரிந்துகொண்டது. ஏட்டிலும் கோயிலிலும் இத்துணைச் சிறப்பளித்த நாம், அந்நாய் அச்சமின்றி ஓடியாட ஓரிடம் ஒதுக்கினோமா என்று கேட்பின், விடைகூற நாணவேண்டியிருக்கிறது.

யாம் பிறந்து வளர்ந்த எஹலியகொடைப் பகுதியில் நாய்களின் வாழ்வு இருவகைப்படும். ஒன்று லயத்து நாய். அது ஒரு வீட்டுக்கு உரியதன்று. பத்து வீட்டுச் சோறும் அதற்கு உண்டு. விடியலில் பெரட்டுக்களத்துக்கு வரும். இறப்பர் மலையில் பால் வெட்டச் செல்வோரைத் தொடரும். மற்றையது பட்டினத்து வீட்டு நாய். அது காலை முதல் இரவுவரை சங்கிலியிற் கிடக்கும். முன்னையதற்குக் கட்டே இல்லை. பின்னையதற்கு அவிழ்ப்பே இல்லை. கட்டில்லாத நாய் பள்ளி செல்லும் பிள்ளைகளைத் துரத்துகிறது. இரத்தினபுரி வீதியில் வண்டியில் அடிபட்டும் மடிகிறது. ஓயாது கட்டுண்ட நாயோ சினமேறி, அவிழ்ந்த அன்று எதிர்ப்பட்டவரைக் கடிக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியொன்று உண்டு. அதுவே நாய்ப் பூங்கா.

1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துப் பேர்க்லி நகரில் தோன்றிய ஓலோனி நாய்ப் பூங்கா இவ்வகையில் முன்னோடியென்று கூறப்படுகிறது. இந்தியாவில் ஹைதராபாத் மாநகராட்சி 2018இல் கொண்டாபூரில் இத்தகைய பூங்காவொன்றைத் திறந்தது. எனினும் நமது வெம்மைக்கும் ஈரத்துக்கும் ஒத்த கடலோர நாட்டில் இதனைக் காணவிரும்புவோர் சிங்கப்பூருக்கே செல்லவேண்டும். உறவினரைக் காண அங்குச் சென்றபோது, காத்தோங் பூங்காவிலும் மேற்குக் கரையோரப் பூங்காவிலும் நாய்களுக்கென அமைந்த வெளிகளை யாம் கண்டோம். காத்தோங் பூங்காவின் விளிம்பை முற்காலத்தில் கடலலை தொட்டதாம். இன்று கடலைத் தூர்த்து எடுத்த நிலம் அப்பால் விரிந்து கிடக்கிறது. சிங்கப்பூரிற் பொதுவிடங்களில் நாயை வாரிற் பிணித்தே நடத்தவேண்டும். இவ்வேலிக்குள் மட்டுமே அவிழ்த்துவிட இடமுண்டு.

இப்பூங்காக்களின் அமைப்பு எளியது. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. நன்கமைந்த பூங்காவின் வாயிலில் ஒன்றன்பின் ஒன்றாக இரு கதவுகள் இருக்கும். முதற்கதவைச் சாத்திய பின்னரே இரண்டாவதைத் திறப்பர். ஆதலின் உள்ளிருக்கும் நாய் வீதிக்குப் பாயமாட்டாது. உள்ளே நுழையும்போதே வாரை அவிழ்த்துவிடல் வேண்டும். ஏனெனின், கட்டவிழ்ந்த நாய்களின் நடுவே கட்டுண்ட நாய் தனக்குத் தப்ப வழியில்லையென்று அஞ்சும். அச்சமே கடியாக மாறும். பல இடங்களிற் சிறிய நாய்களுக்குத் தனி வெளி உண்டு. உணவையும் எலும்பையும் கொண்டுசெல்லலாகாது. அவற்றாற் சண்டை மூளும். தடுப்பூசி முற்றுப்பெறாத குட்டியையும் பருவத்திலிருக்கும் பெண்நாயையும் வீட்டிலேயே விட்டுவிடல் நன்று. நாயின் கழிவை அதனைக் கொணர்ந்தவரே அகற்றவேண்டும்.

வெப்பநாட்டுக் கடற்கரையில் இன்னுமொரு கவனம் தேவை. மனிதனைப்போல நாய்க்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை. பாதத்தில் மட்டும் சிறிது வியர்க்கும். நாவை நீட்டி இளைத்தே அது தன் சூட்டைத் தணிக்கும். காற்றில் ஈரம் மிகும்போது அவ்வழியும் தளர்ந்துபோம். ஆதலின் அதிகாலையும் மாலையுமே உகந்த வேளைகள். புறங்கையைத் தரையில் வைத்துப் பார்த்து, சூடு பொறுக்க முடியாததாயின் நாயை அங்கு நடத்தலாகாது. அளவிறந்து இளைத்து, எச்சில் வழியத் தள்ளாடும் நாயை உடனே நிழலிற் கிடத்தி, உடலில் நீர் வார்த்து, விசிறி, கால்நடை வைத்தியரிடம் கொண்டுசெல்லவேண்டும். கடல்நீரைக் குடித்த நாய்க்கு வாந்தியும் கழிச்சலும் உண்டாகலாம். எனவே நன்னீரைக் கையோடு எடுத்துச்செல்லல் வேண்டும். எமது சப்பிரகமுவைக்குக் கடலில்லை. ஆயினும் மழையும் ஈரமும் உண்டு. இங்கே உண்ணியும் அட்டையும் எலிக்காய்ச்சற் கிருமி கலந்த குட்டைநீரும் நாயுடையோர் அஞ்சத்தக்கவை.

இவற்றையெல்லாம் கண்டு வியந்த எமக்கு ஓருண்மை பின்னரே புலனாயிற்று. சிங்கப்பூர் 1953ஆம் ஆண்டு முதல் விசர்நாய்க்கடி நோயற்ற நாடு. ஆதலின் அந்நாட்டார்க்கு வேலி போதும். நமக்கோ வேலிக்கு முன்னர் ஊசி வேண்டும். நமது நாட்டில் விசர்நோய்ச் சட்டம் 1893இலும் நாய்களைப் பதியும் சட்டம் 1901இலும் இயற்றப்பட்டன. தெருநாய்களைக் கொல்லும் வழக்கம் 2006இல் அரசினால் நிறுத்தப்பட்டது. ஓரிடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி இடப்பட்டால் நோய் பரவும் சங்கிலி அறும் என்பது அறிவியலார் கண்ட முடிபு.

எம் இளமைப் பருவத்தில், எம்மோடு பள்ளிக்கு நடந்துவந்த சிறுவனொருவனை லயத்து நாயொன்று கெண்டைக்காலிற் கடித்தது. வீட்டார் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பித் துணியாற் கட்டினர். தகப்பனார்க்கு வேலையை விட்டுச்செல்ல இயலவில்லை. மூன்றாம் நாள் அந்நாய் வாயில் நுரைதள்ளி இறந்தபின்னரே சிறுவனை வைத்தியசாலைக்குத் தூக்கி ஓடினர். ஊசிகள் இடப்பட்டன, அவன் பிழைத்தான். அவன் பிழைத்தது அதிர்ஷ்டத்தால்; அறிவால் அன்று. இந்நோயின் குறிகள் தோன்றியபின் உயிர் மீள்வது மிக அரிது. கடிபட்டவுடன் புண்ணைச் சவர்க்காரமும் ஓடுநீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவவேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பலாகாது. அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். அரசினர் வைத்தியசாலையில் இதற்குக் கட்டணமில்லை.

நமது கல்லூரி விழாக் கொண்டாடும் இவ்வேளையில் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். பெரிய பூங்கா அமைக்கும் பொருள் நம்மிடம் இல்லாதிருக்கலாம். ஆனால் ஆண்டுக்கொருநாள் தோட்டந்தோறும் சென்று, நாய்களைப் பிடித்துத் தடுப்பூசி இடுவோர்க்குத் துணைநிற்கலாம். கடிபட்டால் செய்யத்தக்கதை லயத்துத் தாய்மாரிடம் எடுத்துரைக்கலாம். நகரில் வாழ்வோர் சிலர் கூடி, சிறு நிலமொன்றை வேலியிட்டு, காலையில் ஒரு மணிநேரமேனும் தம் நாய்களை அவிழ்த்துவிடலாம். ஒழுங்கில்லாத இடத்தில் விடுதலை நிலையாது என்பதை நமது ஆசிரியர்கள் நமக்குக் கற்பித்தனர். அப்பாடம் நாய்க்கும் பொருந்தும். நாயை வளர்ப்போர்க்கு அதனினும் பொருந்தும்.