துடிப்பைக் கூட்டினால் வீடியோ சீக்கிரம் முடியுமா?

இரண்டு மணி நேரக் கல்யாண வீடியோவை எடிட் செய்துவிட்டு 'எக்ஸ்போர்ட்' கொடுக்கிறீர்கள். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் மொத்தம் 1 லட்சத்து 80 ஆயிரம் படங்கள். 4கே என்பதால் ஒவ்வொரு படத்திலும் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். இத்தனைக்கும் கணினி கணக்குப் போட்டாக வேண்டும். திரையில் கோடு நத்தையாக நகரும்போது யாருக்கும் அந்த ஆசை வரும்: பிராசஸரை 'ஓவர்கிளாக்' செய்து பார்த்தால் என்ன?

பிராசஸர் தாளத்துக்கு ஆடும் சாதனம். 5 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 500 கோடி தட்டு. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே ஒளியே 6 சென்டிமீட்டர்தான் போக முடியும். அந்த இடைவெளிக்குள் மின்குறிகள் டிரான்சிஸ்டர்களைத் தாண்டி உரிய இடத்தில் போய் நிலைகொள்ள வேண்டும். ஓவர்கிளாக் என்பது இந்தத் தாளத்தை இன்னும் விரைவாகத் தட்டுவது. தாமதித்து வரும் குறியால் 1 இருக்க வேண்டிய இடத்தில் 0 பதிவாகிவிடலாம். அதைத் தவிர்க்க மின்னழுத்தத்தையும் கூட்டுவார்கள்.

வினையே அங்குதான். சில்லு தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராக ஏறும்; மின்னழுத்தத்தோடு அதன் வர்க்கமாக ஏறும். வேகத்தை 5 சதவீதமும் அதற்காக மின்னழுத்தத்தை 10 சதவீதமும் கூட்டினால், செலவு ஏறக்குறைய 27 சதவீதம் கூடும். அவ்வளவும் வெப்பமாகத்தான் வெளியேறும். வரவோ, 60 நிமிட வேலையில் அதிகபட்சம் 3 நிமிடம்.

ஒரு காலத்தில் இந்தப் பேரம் லாபமாக இருந்தது. 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ சில்லை, மதர்போர்டில் ஒரு அமைப்பை மாற்றியே 300-இலிருந்து 450 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோனார்கள். பாதி வேகம் இலவசம்! இன்றைய சில்லுகளோ, சூடு அனுமதிக்கும்வரை தாமாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. சட்டியில் மிச்சம் வைக்காமல் தயாரிப்பாளரே வழித்தெடுத்துத்தான் விற்கிறார். 2024-இல் தன் 13, 14-ஆம் தலைமுறைச் சில்லுகள் சில நிலைகுலைந்ததற்கு அளவு மீறிய மின்னழுத்தமே காரணம் என்று இன்டெலே சொல்லி, உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது.

இன்னொன்று, எடிட்டிங்கில் நாம் காத்திருப்பது எப்போதும் பிராசஸருக்காக அல்ல. இடத்தை மிச்சப்படுத்த, பெரும்பாலான கேமராக்கள் ஒரு படத்தை முழுதாகப் பதிந்துவிட்டு அடுத்தடுத்த படங்களில் மாறிய பகுதியை மட்டும் எழுதுகின்றன. டைம்லைனில் நடுவே ஒரு இடத்தைத் தொட்டால், முந்தைய முழுப் படத்திலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும். திக்கித் திணறுவது அதனால்தான். இந்த வேலைக்கென்றே தனிச் சுற்று இருக்கிறது. இன்டெல் சில்லுகளில் 2011 முதலே உண்டு. வண்ணத் திருத்தமும் எஃபெக்டுகளும் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகின்றன. பிராசஸர் கோர்களின் தாளத்தைக் கூட்டினால் இவற்றின் வேகம் கூடாது. அதைவிட, சிறிய அளவு நகல்களை வைத்து எடிட் செய்து, கடைசியில் அசல் கோப்பிலிருந்து எக்ஸ்போர்ட் எடுக்கும் 'பிராக்ஸி' முறையே திணறலைச் சட்டென்று தீர்க்கும்.

பிராசஸரை மட்டுமே நம்பும் என்கோடிங்கில் ஓவர்கிளாக் ஓரளவு பலன் தரும், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே வேலைதான் எல்லாக் கோர்களையும் மணிக்கணக்கில் பிழிந்தெடுக்கும். விளையாட்டின் நடுவே கணினி நின்றால் மறுபடி தொடங்கலாம். எக்ஸ்போர்ட் 90 சதவீதத்தில் நின்றால், மிச்சம் பிடித்த மூன்று நிமிடத்தோடு மொத்த உழைப்பும் போச்சு.

அடுத்த முறை எக்ஸ்போர்ட் ஓடும்போது 'டாஸ்க் மேனேஜரை'த் திறந்து பாருங்கள். பிராசஸர் 40 சதவீதத்தில் சும்மா இருந்தால், முட்டுக்கட்டை வேறெங்கோ இருக்கிறது. 100 சதவீதத்தில் இருந்து, வேகமும் இறங்கிக்கொண்டே வந்தால், சூட்டைத் தாங்காமல் அது தன் தாளத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. கணினியை அணைத்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, விசிறியில் அடைந்த தூசியை ஒரு பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். இழந்த வேகம் செலவில்லாமல் திரும்பி வரக்கூடும்.