கணினியில் ஒரு குடிபெயர்ப்பு



வீடு மாறுவது நம்மில் பலருக்கும் பழகிப்போன காரியம். உத்தியோகத்தை முன்னிட்டோ தொழிலை முன்னிட்டோ தமிழகத்தை விட்டு வந்து, தில்லியிலும் நாக்பூரிலும் கொல்கத்தாவிலும் வாழும் நாம், மாற்றல் உத்தரவு வந்த மறுநாளே பாத்திரம் பண்டங்களைக் கட்டத் தொடங்கிவிடுகிறோம். சாமான்கள் ஒன்றும் குறையாமல் புது ஊர் வந்து சேர்ந்துவிடுகின்றன. ஆயினும் அன்றைக்கே குடித்தனம் நடந்துவிடுகிறதா? இல்லை. அடுப்பு பொருந்தவேண்டும், குழாயில் தண்ணீர் வரும் நேரம் தெரியவேண்டும், தபால்காரர் நம் கதவிலக்கத்தை அறியவேண்டும். சாமான் வந்து சேர்வது வேறு. குடித்தனம் நடப்பது வேறு.

கணினியை மாற்றும்போதும் இவ்வேறுபாட்டையே காண்கிறோம். பழைய கணினியில் பல ஆண்டுகளாக நாம் அமைத்து வைத்திருக்கும் இயங்குதளத்தை, அதிலுள்ள நிரல்களோடும் அமைப்புகளோடும் அப்படியே புதிய கணினிக்குக் கொண்டுபோக முடியுமா? முடியுமெனில் எவ்வாறு? முடியாதெனில் தடை யாது? இவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

இயங்குதளம் என்பது கணினியின் உறுப்புகளுக்கும் நாம் பயன்படுத்தும் நிரல்களுக்கும் இடையே நின்று வேலையைப் பகிர்ந்தளிக்கும் தலைமை நிரலாகும். விண்டோஸ், லினக்ஸ் என்னும் பெயர்களை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். புதிய கணினியில் இதனைப் புதிதாகவே நிறுவிக்கொண்டு, நம் கடிதங்களையும் படங்களையும் மட்டும் நகல் எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கக்கூடும். பெரும்பாலோருக்கு அதுவே போதுமானது. ஆனால் தமிழ் எழுதும் வீடுகளில் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு.

யூனிகோடு முறை பரவுவதற்கு முன்னர், தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தத்தமக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தன. 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளும் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன. 2010-ஆம் ஆண்டில் அவ்வரசு யூனிகோடு முறையை ஏற்றது. இடைப்பட்ட காலத்திலும் அதற்கு முன்பும் தட்டெழுதப்பெற்ற கோப்புகளில் உண்மையில் இருப்பவை வெறும் எண்களே. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பதை அந்தந்த எழுத்துரு மட்டுமே அறியும். அவ்வெழுத்துருவோ நம் கடிதங்களோடு இருப்பதில்லை. இயங்குதளத்தின் உள்ளறை ஒன்றில் இருக்கிறது. கடிதங்களை மட்டும் நகல் எடுத்துச் சென்று புதிய கணினியில் திறந்தால், தந்தையார் எழுதிவைத்த குடும்ப வரலாறு பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாய்த் தோன்றும். ஆகவே, இருந்த வீட்டை இருந்தபடியே பெயர்க்க விரும்புவது வெறும் சோம்பல் அன்று. சில வேளைகளில் அது அவசியமும் ஆகும்.

இனி, பெயர்ப்பதில் உள்ள தடைகளைக் காண்போம்.

முதலில் ஓர் அடிப்படை உண்மை. கணினியின் மூளையாகிய செயலி ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை மொழி உண்டு. இன்டெல், ஏ.எம்.டி. நிறுவனங்களின் செயலிகள் ஒரு மொழியைப் பேசுகின்றன. ஆர்ம் வகைச் செயலிகள் வேறொரு மொழியைப் பேசுகின்றன. 2020-ஆம் ஆண்டு முதல் ஆப்பிள் நிறுவனம் தன் கணினிகளில் அமைத்துவரும் எம் வரிசைச் செயலிகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஒரு மொழிக்கென ஆக்கப்பெற்ற இயங்குதளத்தை மற்றொரு மொழிச் செயலியின்மீது நேரே ஓட்ட இயலாது. ஆதலின், பழையதும் புதியதும் ஒரே இனத்தவையா என்பதே நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி. ஒரே இனமாயின், அதன் பின்னும் மூன்று பிணைப்புகளை அவிழ்க்கவேண்டியுள்ளது.

முதற் பிணைப்பு வாசலைப் பற்றியது. மின்விசையை அழுத்தியவுடன் விழித்தெழுவது இயங்குதளம் அன்று. மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையில் நிலையாகப் பதிந்துள்ள ஒரு சிறு நிரலே. பழைய கணினிகளில் இதற்குப் பயாஸ் என்று பெயர். அது வட்டின் முதற் கட்டத்தைப் படித்து, அங்குள்ள குறிப்பின்படி இயங்குதளத்தை எழுப்பும். எம்.பி.ஆர். எனப்படும் அந்த வட்டமைப்பு 1983-ஆம் ஆண்டில் வழக்குக்கு வந்தது. புதிய கணினிகளில் பயாஸின் இடத்தில் யூ.இ.எஃப்.ஐ. என்னும் நிரல் அமர்ந்துள்ளது. இது ஜி.பி.டி. என்னும் புதிய வட்டமைப்பில், வட்டின் ஒரு சிறு தனிப் பகுதியிலே தொடக்கக் கோப்பைத் தேடும். எந்த வட்டில் எந்தக் கோப்பு என்னும் குறிப்போ வட்டில் இல்லை. தாய்ப்பலகையின் நினைவில் இருக்கிறது. வட்டைக் கழற்றிப் புதிய கணினியில் மாட்டினால், அக்குறிப்பு பழைய வீட்டிலேயே தங்கிவிடுகிறது. புதிய தாய்ப்பலகை, பொதுவாக வகுக்கப்பட்ட ஓரிடத்தில் மட்டும் தேடிப் பார்த்துவிட்டு, இயங்குதளம் எதுவும் இல்லை என்று அறிவிக்கக்கூடும். வட்டு கெட்டுவிட்டது என்று பலர் கலங்குவது இவ்விடத்திலேதான். வட்டு கெடவில்லை, வாசல் தெரியவில்லை, அவ்வளவே. நிறுவு நிரல் அடங்கிய யூ.எஸ்.பி. குச்சியைக் கொண்டு கணினியைத் தொடங்கி, தொடக்கக் குறிப்பை மீண்டும் எழுதிவிட்டால் பெரும்பாலும் நேராகிவிடும்.

பழைய வட்டு எம்.பி.ஆர். அமைப்பிலும், புதிய கணினி யூ.இ.எஃப்.ஐ.-யை மட்டுமே அறிந்ததாகவும் இருந்தால், வட்டமைப்பையே மாற்றவேண்டும். விண்டோஸ் 10-இல் 2017-ஆம் ஆண்டு முதல் இதற்கென ஒரு கருவி உடன் வருகிறது. நகல் எடுத்துவைத்த பின்னரே அதனைக் கையாளுதல் நலம்.

இரண்டாம் பிணைப்பு உறுப்புகளைப் பற்றியது. ஒவ்வோர் உறுப்பையும் இயக்க டிரைவர் என்று வழங்கும் தனி நிரல் வேண்டும். ஒலிக்கும் அச்சுப்பொறிக்கும் உரிய டிரைவர் இல்லாவிடில் பெருந் தீங்கில்லை. பிறகு தேடிச் சேர்த்துக்கொள்ளலாம். வட்டைப் படிக்கும் டிரைவரே இல்லாவிடில் என் செய்வது? அந்த டிரைவரும் வட்டுக்குள்தான் இருக்கவேண்டும். வட்டைத் திறக்கவோ அந்த டிரைவர் வேண்டும். பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். விண்டோஸ் இந்நிலையில் ‘இனாக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்னும் செய்தியைத் திரையில் காட்டி நின்றுவிடுகிறது. 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி-யில் இத்துன்பம் மிகுதி. விண்டோஸ் 10, 11 ஆகியவை புதிய உறுப்புகளைப் பெரும்பாலும் தாமே அறிந்து பொருந்திக்கொள்கின்றன. ஆயினும் இன்டெல் நிறுவனத்தின் வி.எம்.டி. என்னும் வட்டு நிர்வாக முறை இயக்கப்பட்டுள்ள சில மடிக்கணினிகளில் இத்தொல்லை இன்றும் உண்டு. அதற்குரிய டிரைவரை முன்னதாகவே சேர்ப்பது அல்லது தொடக்க அமைப்பில் அம்முறையை நிறுத்துவது இதற்குப் பரிகாரம்.

லினக்ஸ் இவ்வகையில் சற்று எளிது. டிரைவர்களிற் பெரும்பாலானவை அதன் கருநிரலோடு சேர்ந்தே வருகின்றன. எனினும் இரண்டு இடங்களில் விழிப்பு வேண்டும். வட்டுகளைச் சேர்க்கும் பட்டியலில், வட்டின் பெயர் பழைய முறையில் எழுதப்பட்டிருந்தால், புதிய கணினியில் அப்பெயர் வேறாகிவிடும். பகுதி ஒவ்வொன்றுக்கும் உரிய நிலையான அடையாள எண்ணைக் கொண்டு எழுதுவதே முறை. அன்றியும், ஃபெடோரா போன்ற சில லினக்ஸ் வகைகள், தொடக்கத்துக்கு வேண்டிய டிரைவர்களில் அந்தக் கணினிக்கு உரியவற்றை மட்டுமே பொறுக்கிக் கட்டிவைக்கின்றன. புதிய கணினியில் முதன்முறை, அனைத்தும் அடங்கிய மீட்புத் தொடக்கத்தைத் தேர்ந்து நுழைந்து, அக்கட்டைப் புதுப்பித்துக்கொள்ளவேண்டும்.

மூன்றாம் பிணைப்பு பூட்டையும் பத்திரத்தையும் பற்றியது. நாம் கேளாமலேயே இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு மறையாக்கம் செய்யப்பட்டுள்ளது. விண்டோஸில் இதற்குப் பிட்லாக்கர் என்று பெயர். அப்பூட்டின் சாவி, தாய்ப்பலகையைச் சார்ந்த டி.பி.எம். என்னும் காவற் சில்லின் பொறுப்பில் இருக்கிறது. வட்டு வேறு கணினிக்குச் சென்றால், அங்குள்ள சில் அதனை அறியாது; 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைத் தருமாறு திரை கேட்கும்.

இதனை நாமே பட்டு அறிந்தோம். பழைய மடிக்கணினியின் வட்டை ஒரு மாலையில் புதியதில் மாட்டி, விசையை அழுத்தினோம். நீல நிறத் திரை தோன்றி அந்த எண்ணைக் கேட்டது. அப்படி ஓர் எண் இருப்பதே அதுவரை நமக்குத் தெரியாது. பன்னிரண்டு ஆண்டுப் படங்களும், ஊரிலிருந்து வந்த கடிதங்களின் படிகளும் அவ்வட்டில் இருந்தன. பழைய கணினியை மறுநாள் காலை பழைய சாமான் கடைக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தோம். நல்லவேளையாக அது இன்னும் மேசைமீதே இருந்தது. வட்டை மீண்டும் அதிலேயே மாட்டினோம். ஒன்றும் நடவாததுபோல் திறந்துகொண்டது. முதல் வேலையாக மறையாக்கத்தை நீக்கிவிட்டு, பிறகே பெயர்க்கும் பணியைத் தொடங்கினோம். ஒரு நாள் தாமதித்திருந்தால் அத்தனையும் பூட்டிய பெட்டிக்குள் கிடந்தே அழிந்திருக்கும்.

பத்திரம் என்றது உரிமத்தை. விண்டோஸ் உரிமம் இருவகைப்படும். தனியாக விலைகொடுத்து வாங்கிய உரிமத்தைப் பழைய கணினியிலிருந்து நீக்கிப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம். கணினியோடு சேர்ந்து வந்த உரிமமோ அக்கணினியோடேயே முடிகிறது. லினக்ஸ் வகைகளிற் பெரும்பாலானவற்றுக்கு இக்கட்டுப்பாடு இல்லை.

இப்பிணைப்புகளை அறிந்தபின், பெயர்க்கும் முறையைக் கூறுவது எளிது.

முதலாவது, நம் சொந்தக் கோப்புகளைத் தனியே ஒரு வெளி வட்டில் நகல் எடுக்கவேண்டும். இரண்டாவது, மறையாக்கம் உண்டா என்று பார்த்து, மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளவேண்டும். இயலுமாயின் மறையாக்கத்தையே நீக்கிவிடவேண்டும். மூன்றாவது, கணினியை முழுமையாக அணைக்கவேண்டும். விண்டோஸ், விரைவில் எழும்பொருட்டு, அணைக்கும்போது தன் நிலையின் ஒரு பகுதியை வட்டில் எழுதிவைத்து அரைத்தூக்கத்தில் ஆழ்வது உண்டு; அந்நிலையிலேயே வேறு கணினியில் எழுப்பினால் தடுமாறும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு அணைத்தால் முழு உறக்கம் கிட்டும்.

நான்காவது, வட்டைப் படியெடுத்தல். தைவான் நாட்டின் தேசிய உயர்திறன் கணிப்பு மையத்தார் உருவாக்கி இலவசமாக வழங்கும் குளோன்சில்லா என்னும் நிரல் இதற்குப் பயன்படும். புதிய வட்டு பழையதன் அளவினதாகவோ அதனிற் பெரியதாகவோ இருத்தல் வேண்டும். காலக் கணக்கையும் முன்னரே அறிந்துகொள்ளுதல் நன்று. 500 ஜிகாபைட் வட்டு முழுவதையும், நொடிக்கு 100 மெகாபைட் வீதம் படித்தால், 5,000 நொடிகள், அதாவது ஏறக்குறைய 1 மணி 23 நிமிடம் ஆகும். பழைய யூ.எஸ்.பி. வழியே நொடிக்கு 30 மெகாபைட் வீதம்தான் கிடைக்குமெனில், நான்கரை மணி நேரத்துக்கும் மேலாகும். மின்சாரம் தடைப்படும் வேளையில் இதனைத் தொடங்கலாகாது.

படியெடுக்கும்போது எது மூலம், எது நகல் என்பதை இருமுறை சரிபார்க்கவேண்டும். திசை மாறினால், வெற்று வட்டு நிறைந்த வட்டின்மேல் எழுதப்பட்டுவிடும். இதற்கு எளிய மீட்சி இல்லை. படியெடுத்து முடிந்தபின், இரு வட்டுகளையும் ஒரே கணினியில் மாட்டித் தொடங்கக்கூடாது. இரண்டும் ஒரே அடையாள எண்ணைத் தாங்கியிருப்பதால், எது எது என்னும் குழப்பம் நேரும்.

இவ்வளவு பாடுபடுவது தகுமா என்பதை அவரவர் நிலையே முடிவுசெய்யும். பழைய இயங்குதளம் தன் காலம் முடிந்ததாயின் பெயர்ப்பதில் பயன் குறைவு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. அத்தகைய வேளையில் புதியதைப் புதிதாகவே நிறுவிக்கொண்டு, பழைய வட்டின் படியை விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகர் கணினிக்குள் விருந்தாளியாக இருத்தலாம். இணையத் தொடர்பு தராமல், பழைய எழுத்துருக் கடிதங்களைப் படிப்பதற்கு மட்டும் அதனைத் திறக்கலாம். அவற்றை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றி முடித்தபின், பழைய வீட்டின் தேவையே இராது. நிலையான தீர்வு அதுவே எனலாம்.

எவ்வழியை மேற்கொண்டாலும் ஒரு விதியை மறவாதிருப்போமாக. புதிய கணினி பல நாட்கள் குறையின்றி ஓடி, கடிதங்களும் படங்களும் திறப்பதைக் கண்ணாற் காணும் வரையில், பழைய வட்டை அழிப்பதும் பழைய கணினியைக் கைமாற்றுவதும் கூடாது. புது வீட்டில் பால் காய்ச்சிவிட்டோம் என்பதற்காக அன்றைக்கே பழைய வீட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவோர் நம்மில் யாரும் இலர். மூலையில் விட்டுப்போன சாமான் ஒன்று இருக்கிறதா என்று மறுமுறை சென்று பார்த்த பிறகே சாவியைக் கொடுக்கிறோம். கணினிக்கும் அவ்வழக்கமே நன்று.